விடிந்தால்தான் மறுநாள்

பிற்பகல் மூன்றேகால் மணி. கம்பத்தில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் கணினி நிலையத்தில், கருத்தக்கண்ணன் விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தினமும் நடக்கும் வேலை இது. தட்டத் தட்டக் கடலைத்தோல் விழும், முறுக்குத் துண்டு விழும், சில நாள் வழி தவறிய எறும்பு ஒன்றும் விழும். அதன்பிறகு பெயிண்ட் அடிக்கிற சின்னப் பிரஷ்ஷால் விசைகளுக்கு நடுவே நீவி விடுவார். மேல் வரிசையை நீவிக்கொண்டிருந்தபோது உரக்கடை ஜேசுராஜ் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். ஏதாவது என்றால் கீழே இருந்தபடியே கூப்பிடுகிறவர் அவர்.

“கண்ணன் சார், சுருளிப்பட்டியிலருந்து போன் வந்துச்சு. உங்க பெரியப்பா தவறிட்டாகளாம்.”

கருத்தக்கண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து கடைசி விசைவரை நீவி முடித்தார்.

“எப்பவாம்?”

“மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாகளாம். எழுப்புனா எந்திரிக்கலையாம்.”

“சரிண்ணே” என்றார். பிறகு கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கரண்டு போகும் போதெல்லாம் பிள்ளைகளிடம், “முறையா மூடணும்டா, பொசுக்குன்னு போனா அதுக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாமப் போயிரும்” என்று சொல்கிறவர்தான் அவர்.

நெட்டையான ஆள். மாடியின் மேல் நிலையில் நெற்றி இடிக்காமல் இருக்கக் குனிந்து பழகியதில், வெட்டவெளியில் நடக்கும்போதும் லேசாகக் குனிந்தே நடப்பார். கணிதத்தில் இளங்கலை, மதுரையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ. கம்பத்தில் கண்ணன் சார், ஊரில் கருத்தன். நிலையத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது பிழைப்பு. புரோகிராம் எழுதுவது அவருக்குப் பிடித்த வேலை. விசுவல் பேசிக்கில் முகப்பு, பின்னால் ஆக்ஸஸில் தகவல். பள்ளத்தாக்கில் யார் எதைக் கேட்டாலும் இந்த இரண்டை வைத்தே செய்து கொடுத்துவிடுவார்.

இரண்டும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அவரிடம் ஒரே விளக்கம்தான் உண்டு. “ஆக்ஸஸ்ங்கிறது பரணு. சாமானெல்லாம் அங்கன கெடக்கும். நான் எழுதுறது ஏணி போட்டு ஏறுற ஆளு. நீங்க கீழ நின்னுக்கிட்டு, அந்தப் பித்தளச் சட்டிய எடுப்பான்னா எடுத்துக் குடுப்பான். சட்டி எந்த மூலையில இருக்குன்னு நீங்க மண்டைய ஒடைக்க வேணாம்.” கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். பரணை யாராவது எட்டிப் பார்த்தால்தான் வினை. அந்த நாளின் தமிழ் எழுத்துருக்கள் அப்படி. எழுத்துருவை மாற்றாமல் அட்டவணையைத் திறந்தால், ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். “என்னய்யா எம் பேர இப்பிடி வச்சிருக்க?” என்று பதறியவர்கள் உண்டு.

எழுத உட்காருவதற்கு முன்னால், கேட்டவர்களின் இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். சின்னமனூரில் ஒரு திருமண மண்டபத்துக்கு முன்பதிவுப் புரோகிராம் செய்தபோது, முகூர்த்த சீசன் முழுக்க மேனேஜரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல முகூர்த்தங்களில் ஒன்றிரண்டை மேனேஜர் யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைப்பதை அங்கேதான் கண்டுபிடித்தார். அதற்கும் ஓர் இடம் வைத்தார். ‘யாரோ’ என்று பெயர் போட்டார். மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், இதையெல்லாமா எழுதுவீக?”

“எழுதலன்னா ஒருநா ஒரே மேடையில ரெண்டு மாப்பிள்ளை வந்து நிப்பான் அண்ணாச்சி. ஒங்களுக்குச் சம்மதம்னா எடுத்துர்றேன்.”

எடுக்கவில்லை. எல்லா இடத்திலும் அவர் கடைசியாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “தப்பாப் போச்சுன்னா மொதல்ல யாரு வந்து சத்தம் போடுவாக?” சத்தம் போடக்கூடிய ஆளின் பெயரைத் தெரிந்துகொண்டுதான் முதல் வரியை எழுதுவார். தன் புரோகிராமில் தப்பு இருந்தால் யாராவது வந்து கத்திவிடுவார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவருடைய முதல் கணினியை மதுரையிலிருந்து கொண்டுவந்தது பெரியப்பா வீரணன்தான். கருத்தக்கண்ணன் தகப்பன் இல்லாத பிள்ளை. கூட வந்தவர் அவர் ஒருவரே. மானிட்டர் பெட்டியை பஸ்ஸில் மடிமீது வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து, “பெருசு, மேல தூக்கி வைங்க” என்றார். “பச்சப்புள்ளய மேல வைப்பியாய்யா நீ?” என்று பெரியப்பா கேட்டார். உசிலம்பட்டியில் வண்டி நின்றபோது எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. தேனி வந்து கம்பம் வண்டி மாறும்போதும் வேறு யாரையும் தொட விடவில்லை. இறங்கியபிறகு மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, “என்னமா கனக்குது, இன்னும் ஒண்ணுமே கத்துக்கிடாமலே” என்றார்.

சுருளிப்பட்டியில் அவர்களுடைய கிணறு ஒரு கூட்டுக் கிணறு. ஒரே மோட்டார், பல பங்கு. பாட்டன் காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர் என்று இருந்தது. பிள்ளைகள் பிரிந்தபோது நாளும் பிரிந்தது. சிலருக்கு அரை நாள். சிலருக்கு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர்களுக்கு ஒரு முறை தவறினால் கொடி வாடிவிடும். இதில் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்டு ஒரு வாரம் பகலில் வரும். மறு வாரம் இரவில் வரும். நேற்று யார் முறை என்று கேட்டு மோட்டார் ரூம் வாசலில் மம்பட்டியோடு நிற்பது வாடிக்கையாகிவிட்டது. ஒருமுறை தலை உடைந்தது.

புரோகிராம் போட்டு வாராவாரம் சீட்டு அடித்துக் கொடுத்தால் என்ன என்று கருத்தக்கண்ணன் கேட்டபோது பங்காளிகள் தயங்கினார்கள். வீரணன்தான் எழுந்தார். “எங்க கருத்தன் போட்டா அதுல நூல் பெசகாது. மொத ஆளா நான் கையத் தூக்குறேன். அவன் சீட்டுல என்ன இருக்கோ அதான் முறை. ஒருத்தரும் பேசக் கூடாது” என்றார்.

ஒருத்தரும் பேசவில்லை. கருத்தக்கண்ணனின் மாமனார் பொன்னுராஜும் அதே கிணற்றில் ஒரு பங்கை வாங்கியிருந்தார். முறையில் வீரணனுக்கு அடுத்த ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்கு வருகிறபோது மாடியேறி, சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுப்பார். “மாப்ள, இந்த வாரம் என்னமும் விசேசம் உண்டா?” என்று கேட்பார். ஒன்றும் இருக்காது. தேதி, கரண்டு வரும் நேரம், எதிரே பெயர். அச்சடித்த எழுத்து. ஆரம்பத்தில் சில வாரம் மாறாமல் பகல் கரண்டே வந்தது. கிணற்றடியில் சண்டை ஓய்ந்ததைப் பார்த்துப் பக்கத்துக் கிணற்றுக்காரர்களும் விசாரித்தார்கள்.

அதன்பிறகு முதல் இரவுக் கரண்டு வாரம் வந்தது.

அந்தக் கிணற்றில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை. விடிந்தால்தான் மறுநாள். இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பல் துலக்குவதைப் போல எல்லோருக்கும் தெரியும். கருத்தக்கண்ணனுக்கும் தெரியும். பதினைந்து வயதில் பெரியப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து, விடிகிறவரை மடை திருப்பியவர்தான் அவர். ஆனால் ஆக்ஸஸுக்குத் தெரியாது. அதற்கு நடுராத்திரி பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும். மண்டபத்து மேனேஜரின் பக்கத்தில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தவர், தன் சொந்தக் கிணற்றடியில் போய் உட்காரத் தோன்றாமல் இருந்துவிட்டார். தெரிந்த இடம்தானே.

வீரணனுக்கு ஒரு ராத்திரி முழுக்க உரிய தண்ணீரை, சீட்டு பன்னிரண்டு மணியோடு நிறுத்தி, மிச்சத்தைப் பொன்னுராஜுக்கு எழுதியது. பொன்னுராஜ் சீட்டோடு போய் நின்றார். “எனக்கே ஒண்ணும் புரியல சம்பந்தி, சீட்டுல இப்பிடிப் போட்டுருக்கு” என்றார். வீரணன் சீட்டை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். அச்சடித்திருந்தது. மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பாதிப் பந்தல் நனைந்திருந்தது.

மறுநாள் பொன்னுராஜ் போன் போட்டுச் சொன்னதும் கருத்தக்கண்ணனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். கடிகாரத்திலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, அதன்பிறகு தேதியைப் பார் என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியால் கிணறு தன் பழைய நாளுக்குத் திரும்பிவிட்டது. புதுச் சீட்டுகளை அடித்தார். பெரியப்பாவின் சீட்டை மட்டும் தனியாக மடித்து, அன்றைக்கே மாமனாரை வரச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டார். “மாமா, இத மொதல்ல பெரியப்பாட்ட குடுத்துருங்க” என்றார். அவர் கைவசம்தான் வாராவாரம் போகும். வேறு எதுவும் அவருக்கு மனதில் படவில்லை.

யாரும் வந்து சத்தம் போடவில்லை.

வீரணன் அதற்கப்புறம் முறைக்கு வரவில்லை. காய் அறுத்து முடிந்ததும் பந்தலைப் பிரித்தார். கல்தூண்களைப் பிடுங்கி விற்றார். கொடி நின்ற மண்ணில் மழையை நம்பிச் சோளமும் தட்டைப்பயறும் விதைத்தார். கல்யாணம் காதுகுத்தில் எதிரே பார்த்தால், “சாப்பிட்டியாடா?” என்று கேட்பார். “சாப்பிட்டேன் பெரியப்பா” என்று இவர் சொல்வார். அதோடு சரி. முகத்தில் கோபம் இருக்காது. கோபம் இருந்திருந்தால் கருத்தக்கண்ணன் பேசியிருப்பார்.

கருத்தக்கண்ணனுக்கும் மெல்ல ஒரு வருத்தம் தடித்துப் போனது. மனைவி முனீஸ்வரி, “ஒரு எட்டுப் போயி நேர்ல சொல்லிட்டு வாங்களேன்” என்று எத்தனையோ தடவை சொன்னாள்.

“என்னத்தச் சொல்ல? தப்பத் திருத்தி அன்னைக்கே குடுத்துவிட்டாச்சு. அவருதான பிடிவாதமா இருக்காரு.”

“சீட்டுதான குடுத்துவிட்டீக?”

“சீட்டுலதான தப்பு.”

வீரணனின் பெயரை முறையிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் காமராஜ் என்ற பங்காளி கேட்டுக்கொண்டே இருந்தார். “வராத ஆளுக்கு எதுக்குங்க ஒரு நாளு? மத்தவுகளுக்குப் பிரிச்சுக் குடுங்க.” கருத்தக்கண்ணன் அதற்கு மட்டும் அசையவில்லை. “கெணறு ஒரு நா ஊறட்டுமே” என்பார். சுற்றுக்கு ஒரு நாள் வீரணன் பெயரில் வரும். அன்றைக்கு மோட்டார் ஓடாது. அந்தச் சீட்டையும் அடித்துப் பொன்னுராஜ் கையில் கொடுப்பார். அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வேலை கேட்டு வருகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடியது. “ஒங்களுக்கு நாளு எப்ப ஆரம்பிக்குது?” கேட்டவர்கள் இவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். உத்தமபாளையத்து லாரி ஆபீஸ்காரர் மட்டும் யோசித்துப் பார்த்து, “கேரளாவுலருந்து லாரி எறங்கி வந்து நின்னாத்தான் சார் எங்களுக்கு நாளு” என்றார். கருத்தக்கண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று லாரி ஆபீஸ்காரருக்குப் புரியவில்லை.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு அதிக தூரம் இல்லை. சாவு வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது. வாசலில் போட்ட பந்தலுக்குக் கீழே பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வீரணனை வடக்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். கருத்தக்கண்ணன் காலடியில் நின்றார். நிலை தாண்டிக் கூரை உயரமாகத்தான் இருந்தது; அவர் குனிந்தே நின்றார்.

பெரியம்மா சந்தனம்மாள் அழுது முடித்திருந்தாள். அவரைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அந்த ரெண்டாவது சீட்ட எதுக்குடா பொன்னுராஜு அண்ணங்கிட்டக் குடுத்துவிட்ட?”

“அவருதான பெரியம்மா வாராவாரம் வாங்கிட்டு வருவாரு.”

“வந்து அங்கன வாசல்ல நின்னு, மாப்ள மாத்திக் குடுத்துருக்காப்ல சம்பந்தின்னு நீட்டுனாரு. ஒங்க பெரியப்பா கைய நீட்டவே இல்ல. தண்ணிய எடுத்துக்கிட்டவரே வந்து குடுக்குறாரா, கருத்தன் மாமனாருக்கு ஒண்ணு, பெரியப்பனுக்கு ஒண்ணுன்னு பங்கு வைக்கிறானா, வேணாம்னு அனுப்பிட்டாரு. பிரிச்சே பாக்கலடா.”

“தப்பாப் போச்சுன்னு மாமா சொல்லலையா?”

“மாத்திருக்குன்னுதான் சொன்னாரு. தப்புன்னு அவரு எப்பிடிச் சொல்லுவாரு? அத நீயில்ல சொல்லணும்.”

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “அப்ப தெரியவே தெரியாதா பெரியம்மா, அவருக்கு?”

“என்னத்த?”

கடிகாரம் பன்னிரண்டு அடித்தால் கம்ப்யூட்டருக்குத் தேதி மாறிவிடும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். சந்தனம்மாள் கவனமாகக் கேட்டாள். பாதியில் மாலையோடு யாரோ வரவும் எழுந்து போனாள்.

வெளியே பந்தலில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்குக் கிணற்றில் மோட்டார் போடமாட்டார்கள். எல்லோர் முறையும் ஒரு நாள் தள்ளிப் போகும். அன்றைய முறை காமராஜுடையது.

“இல்ல, தப்பா எடுத்துக்கிடாதீக” என்றார் காமராஜ். “அவருதான் முறையே வேணாம்னு ஒதுங்கிட்டாரே. நிப்பாட்டித்தான் ஆகணுமான்னு கேக்குறேன். கொடி காஞ்சு கெடக்கு.”

பொன்னுராஜ் தலையைத் தூக்காமல் சொன்னார். “சீட்டுல அவரு பேரு இருக்கா இல்லையாப்பா? பேரு இருக்க வரைக்கும் பங்காளிதான். ஸ்டார்ட்டர் பக்கம் ஒரு பய போகக் கூடாது.” பிறகு மருமகனைப் பார்த்தார். “மாப்ள, எல்லாத்தையும் ஒரு நாளு தள்ளிப் புதுச் சீட்டா அடிச்சுக் குடுத்துருங்க. இல்லன்னா நாளைக்கு இங்கன அடிதடிதான்.”

வீரணனைக் கொண்டுபோய் எரித்து, குளித்துத் திரும்பி, மறுநாள் காலையில் கருத்தக்கண்ணன் நிலையத்தைத் திறந்தார். கிணற்றுப் புரோகிராம் திரையில் வந்தது. அதன் கீழ்மூலையில் ‘ஒரு நாள் நிறுத்தம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. புரோகிராமைப் பெரியப்பாவுக்கு முதன்முதலாகப் போட்டுக் காட்டிய அன்று, பிள்ளைகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தபடி அவர் கேட்டிருந்தார்: “ஏலே, சாவு விழுந்தா மோட்டார் போடமாட்டமே, அத இதுக்கு எப்பிடிச் சொல்லுவ?” கருத்தக்கண்ணன் அவர் கண் முன்னாலேயே பொத்தானை வரைந்து பெயர் எழுதி, “இத அமுக்குனா எல்லார் முறையும் ஒரு நாளு தள்ளிப் போயிரும் பெரியப்பா” என்றார். “அப்பச் சரி. இல்லன்னா செத்தவன் வீட்டுக்காரன் மம்பட்டியத் தூக்கிக்கிட்டுல்ல ஓடணும்” என்று சிரித்துவிட்டுப் பெரியப்பா டீ குடிக்க இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பங்காளிகள் வீட்டில் சாவு எதுவும் விழவில்லை. பொத்தானை யாரும் தொட்டதில்லை.

கருத்தக்கண்ணன் அதை அமுக்கினார். பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது. தேதிகள் அப்படியே நின்றன. இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு, அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் பக்கத்தைத் திறந்தார். பொத்தானை வரைந்ததும் விசுவல் பேசிக் தானாகவே போட்டுக் கொடுக்கும் முதல் வரி இருந்தது. அதற்குக் கீழே தானாகவே போட்டுக் கொடுக்கும் கடைசி வரி இருந்தது. நடுவில் அவர் எழுத வேண்டியது எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.